புத்தாடை ஆணையும் பூங்குழை சிறைப்பட்டதும்

நலமே பெருகுக. ஏழு துறைமுகமும் இரு மலையும் உடைய ஆழிமருத நாட்டின் கோமகள் நெய்தலங்கோதையார், கொன்றைக் கூற்றத்தை ஆளும் மழவதரையருக்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டையும் குடிகளும் செழிக்க. உமது யானையும் நலமுறுக.

மழை பொய்த்து மூன்றாண்டு ஆகியும், வேனில் விழாவுக்கு வந்த இளையோர் யாவரும் புத்தாடை அணிந்தே வாயில் கடந்தனர் என்றும், ஆகவே பஞ்சம் தீர்ந்தது, துணிவரியை இரட்டிக்க இசைவு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். பழந்துணியோடு வந்த ஒருத்தியை மட்டும் சிறையிட்டதாகக் கடைசி வரியில் கண்டோம். அவள் நாம் அனுப்பிய துணிச்சுங்க அதிகாரி பூங்குழை.

நடந்ததைக் கேளும். புத்தாடையின்றி வரும் இளையோர்க்கும் வராதோர்க்கும் சிறை என்று நீர் பறையறைவித்தீர். அவர்களும் கடைவீதிக்குப் போகத்தான் செய்தனர். முன்பு கரையும் சாயமும் பார்த்துக் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தியவர்கள், இம்முறை எல்லார் தோளுக்கும் பொருந்துமா, எறிந்தால் மதிலைத் தாண்டுமா என்று மட்டுமே பார்த்து, எழுவர் எழுவராய்க் கூடி, கூட்டத்துக்கு ஒரு மேலாடை வாங்கினர். ஒருவர் அணிந்து நுழைந்ததும் உள்ளிருந்து அதை வெளியே வீச, அடுத்தவர் அணிந்து நுழைந்தார். உமது காவலர் ஆட்களைச் சரியாகவே எண்ணினர்.

அப்படி ஓர் எழுவரில் கடைசி, குயவர் மகள் சாத்தி. அவள் முறையில் மேலாடை புளியங்கிளையில் சிக்கிக்கொண்டது. வாயிலடைக்கும் முரசும் முழங்கியது. அருகே நின்ற பூங்குழைக்கு மனம் பொறுக்கவில்லை. பிடித்துக்கொடுக்க வேண்டியவள், தன் அதிகாரப் போர்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். பூங்குழையும் இளையவளே, போர்வைக்கடியில் இருந்தது ஒட்டுப்போட்ட பழஞ்சேலை. நாம் தரும் சம்பளம் இப்போது அவ்வளவே. காவலர் சாத்தியை வணங்கி உள்ளே விட்டு, பூங்குழையைப் பிடித்தனர். தான் யாரென்று சொன்னால் அப்பெண் அகப்படுவாள் என்று அவள் வாயே திறக்கவில்லை.

இவ்வோலை கண்டதும் பூங்குழையை விடுவித்து, மரியாதையோடு அனுப்புக.

இவற்றைச் சொன்னவள் சாத்தியே. போர்வையைத் திருப்பித் தர நம் அவைக்கு வந்து, அந்த அக்காளை விட்டுத் தன்னைச் சிறையிடுமாறு அழுது விண்ணப்பித்தாள். வரும் வழியில் உமது சுங்கச்சாவடியார் போர்வையைக் கண்டு எழுந்து நின்று ஆணை யாதெனக் கேட்டதால், பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டாள். பஞ்சம் தீரும்வரை துணிவரி இல்லை என்பதே அவள் சொன்னது.

அதை அமைச்சரோடு அமர்ந்து ஆராய்ந்தோம். பிழை காணவில்லை. நம் ஆணையாகவே கொண்டு நிறைவேற்றுக. இதற்குச் சான்று நம் சுறா இலச்சினை.