கூவாச் சேவலும் திறவாக் கோட்டையும்

நலம் பெருகுக. மூங்கில் பூவாதொழிக, எலி பெருகாதொழிக, வேய்மலைச் சுனைகள் கோடையிலும் வற்றாதொழிக.

ஏழு குன்றும் மூன்று கணவாயும் உடையவரும், தேன்வரை நாடரும், கொடுத்த சொல் திரும்பாதவரும், எடுத்த சினமும் எளிதில் திரும்பாதவருமாகிய வேய்மலை மன்னர் பெருஞ்சாத்தனார் திருமுன்பு, செங்கழனி நாடுடைய மன்னர் முடிவேள் ஆதனாரின் ஓலைநாயகனும் முத்திரைக் காவலனுமாகிய மணற்குடி கிழான் நாகன் தேவன் நிலந்தோய வணங்கி விடுக்கும் ஓலை.

தாங்கள் சினந்து விடுத்த ஓலை ஐந்து நாளுக்கு முன் வந்து சேர்ந்தது. தங்கள் திருமகனார் கதிர்ச்சேந்தர் மணமாலையோடு எம் மதிலூர்க் கோட்டை வாயிலில் விடியல் முதல் முற்பகல் கழியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டார் என்றும், இறுதியில் மதில்மேல் ஏறிய ஒரு பெண் அவரைப் பார்த்துக் கோழிபோல் கூவி எள்ளினாள் என்றும், அப்பெண்ணைக் கைகட்டி ஒப்படைத்து அவளுடைய தோட்டத்துக்குத் தீ வைத்தாலன்றி எம் இளவரசி காந்தளாளுக்கு வேய்மலையிலிருந்து மாலை வராது என்றும் அதில் கண்டிருந்தது. நின்றதும் உண்மை, கூவியதும் உண்மை. எள்ளியது மட்டும் உண்மையன்று. அதனை விளக்காமல் விட்டால் ஒரு திருமணமும் ஒரு நல்லாளின் வாழ்வும் வீணாய்ப் போகும் என்பதால், என் மானத்தைச் சற்றே மடித்து வைத்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூவியவள் பெயர் பூதி நங்கை. எம் நாட்டில் கருநூல் வல்லவள் அவள் ஒருத்தியே. உயிர்கள் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் போகும் இயல்புகளைக் கருவிலேயே கண்டு, வேண்டியதை மிகுத்து வேண்டாததைக் குறைக்கும் கலை அது. கடலோர உவர்நிலத்தில் விளையும் நெல் அவள் ஆக்கியது. அதற்கு முன் அங்குள்ள மூன்று ஊர்கள் மழைக்காலம்தோறும் பிழைப்புத் தேடி ஊரையே காலி செய்துகொண்டு போகும், இப்போது போவதில்லை. தங்கள் அன்னையார் மூட்டுநோவுக்கு அருந்தும் மருந்தும் அவள் தோட்டத்து நுரைப்பானைகளில்தான் ஊறுகிறது. இதனைச் சொல்லிக்காட்டுவதாக மன்னர் கொள்ளவேண்டா. சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேன், ஆனால் கொள்ளவேண்டா.

இனி எம் மன்னரின் துயில் குறித்து. அவர் சென்ற ஆண்டு முழுவதும் உறங்கவில்லை. கண் அயரும் வேளையில் ஊர்ச் சேவல் ஒன்று கூவும். அதற்கு விடையாக ஒன்பது கூவும். அந்த ஒன்பதையும் அடக்குவதுபோல் அரண்மனைச் சேவல் கூவும். உறங்காத மன்னரிடம் பணிபுரிவது எத்தகையது என்பதைத் தங்கள் அமைச்சர்களிடம் கேட்டருளவேண்டும். ஆகவே கூவாச் சேவல் ஒன்று ஆக்கித் தருக என்று பூதி நங்கைக்கு ஆணை போயிற்று. அவள் மறுத்தாள்; மீண்டும் ஆணை போயிற்று; ஆக்கித் தந்தாள். தந்தவள் வெறுங்கையோடு தரவில்லை. ஐந்து ஏடு கொண்ட ஓலைக்கட்டு ஒன்றையும் உடன் தந்து, இப்பறவைகள் ஆற்றுத்திட்டில் தனியே மூன்று தலைமுறை வாழ்ந்து காணப்பட்ட பின்னரே ஊருக்குள் விடப்படவேண்டும், இவ்வைந்து ஏட்டையும் படித்த பின்னரே முத்திரை இடப்படவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

எம் நாட்டில் இத்தகைய புதுமைகளை ஆராய ஒன்பதின்மர் மன்றம் ஒன்று உண்டு. ஒன்பதின்மரும் ஆற்றுத்திட்டுக்குச் சென்று கூட்டின் அருகே பாய் விரித்து ஏழு நாள் அமர்ந்தனர். ஆற்றுக்காற்று நன்றாக வீசியது. ஏழு நாளும் விடியலில் எந்த ஓசையும் கேட்கவில்லை என்று ஒருமுகமாகச் சான்றளித்தனர். ஏழு நாளும் விடியலில் அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர் என்பது படகோட்டி சொல்லிப் பின்னர்தான் தெரிந்தது. கூவாதா என்று கேட்கப்பட்டது, கூவாது என்று விடை வந்தது. கூவாவிட்டால் என்ன ஆகும் என்று எவரும் கேட்கவில்லை, ஆகவே எவரும் விடையும் சொல்லவில்லை.

சான்று என் மேசைக்கு வந்தது. பூதி நங்கையின் ஓலைக்கட்டும் வந்தது. அதன் முடிச்சு இறுக்கமாக இருந்தது. எனக்கு வயது எழுபத்தொன்று. விரல் நுனி முன்போல் இல்லை. மன்னரோ மூன்றாம் முறையாக ஆள் அனுப்பிவிட்டார். முடிச்சை அவிழ்க்காமலே அதன்மேல் முத்திரையை இட்டேன்.

அதன்பின் அதிகாரிகள் காட்டிய சுறுசுறுப்பைப் போல் இந்நாடு கண்டதில்லை. வீட்டுக்கு வீடு சென்று பழைய சேவலை வாங்கிக்கொண்டு புதிய சேவலைக் கொடுத்தனர். கொடுக்க மறுத்தவர் வீட்டில் இரண்டாகக் கொடுத்தனர். பழைய சேவல்கள் அனைத்தும் அரண்மனை மடைப்பள்ளிக்குப் போயின. நாற்பது நாள் விருந்து நடந்தது. நானும் உண்டேன், நன்றாகவே இருந்தது. மன்னர் குழந்தைபோல் உறங்கினார். எங்கள் அறிவை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

எம் கோட்டைக்குப் பழஞ்சட்டம் ஒன்று உண்டு. சேவல் கூவிய பின்னரே பெருவாயில் திறக்கப்படும். அல்லாக்கால் மன்னர் வாய்மொழியால் திறக்கப்படும். துயிலும் மன்னரைச் சேவலன்றி வேறெவரும் எழுப்பலாகாது. முன்னொரு காலத்தில் பாதித் துயிலில் எழுப்பப்பட்ட மன்னர் ஒருவர் எழுப்பியவரை நாடு கடத்தியதால் இக்கடைசிப் பகுதி சேர்க்கப்பட்டது. நாற்பது நாள் விருந்துக்கும் அரண்மனை விழாவெனப் பெருவாயில் திறந்தே கிடந்தது. விருந்து முடிந்து, திருமணத்துக்காக வாயிலை வழிவழி முறைப்படி அடைத்தோம். மறுநாள் விடியலில்தான் தங்கள் திருமகனார் முந்நூறு பேருடனும் இசைக்குழுவுடனும் வந்து நின்றார்.

சேவல் கூவவில்லை. ஆகவே வாயில் திறக்கவில்லை. மன்னரிடம் சொல்லலாம் என்றால் மன்னர் உறங்குகிறார். எழுப்பலாம் என்றால் சேவல் கூவவில்லை. மன்றத்தார் ஒன்பதின்மரும் மன்னரின் பள்ளியறை வாயிலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். ஒருவர் இருமிப் பார்த்தார். இருமல் எழுப்புவதாகுமா என்று மற்றவர் ஐயுற்றதால் அதையும் நிறுத்தினார். உள்ளே இளவரசி மணக்கோலத்தில் அமர்ந்திருந்தார். வெளியே தங்கள் இசைக்குழுவினர் தெரிந்த பாட்டெல்லாம் வாசித்து முடித்து முதலிலிருந்து மீண்டும் தொடங்கினர். முகூர்த்தம் கழிந்துகொண்டிருந்தது, நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் பூதி நங்கை மதிற்படியில் ஏறினாள். அவளை எவரும் ஏவவில்லை. மேலே நின்று, இரு கையையும் வாயருகே குவித்து, மும்முறை கூவினாள். வாயிற்காவலன் ஆலன் உடனே தாழை நீக்கினான். நீக்கியது முறையா என்று பின்னர் மன்றத்தார் அவனை வினவினர். கீழ்நிலைப் பணியாளர் மொழியை அவர் பேச்சிலேயே பதிவது எங்கள் வழக்கமாதலால் அப்படியே தருகிறேன்: “கூவுனாத் தொறன்னுதாங்க எனக்குச் சொல்லியிருக்கு. கூவுச்சு, தொறந்தேன். கொண்டை இருக்குதான்னு ஏறிப் பாக்குறது என் வேலை இல்லீங்களே.”

ஆனால் வாயில் திறந்தபோது தங்கள் திருமகனார் குதிரையைத் திருப்பிவிட்டிருந்தார். போர்க்களத்தில் புறங்காட்டியவனைப் பார்த்துக் கோழிபோல் கூவுவது வேய்மலை வழக்கம் என்பது எங்களுக்குத் தங்கள் ஓலை கண்ட பின்னரே தெரியும். மன்னர் பெருமானே, அவள் எள்ளவில்லை. எம் நாட்டில் அன்று நடக்கவேண்டிய ஒரே நல்ல செயலை, நடத்தும் துணிவுடைய ஒரே ஆளாக நின்று செய்தாள். தங்கள் மகனுக்காகத்தான் கூவினாள்.

எம் மன்னர் நண்பகலில் பசியால் தாமாகவே எழுந்தார். மணமகன் வந்தாயிற்றா என்று கேட்டருளினார்.

அன்று மாலை நான் ஓலைக்கட்டின் முடிச்சை அவிழ்த்தேன். நகத்தால் நெம்பியதும் அவிழ்ந்துவிட்டது. முதல் நான்கு ஏட்டில் நடந்தவை அனைத்தும் நடக்கும் முன்பே எழுதப்பட்டிருந்தன, வாயிற்சட்டம்கூட நினைவூட்டப்பட்டிருந்தது. ஐந்தாம் ஏட்டில் வேறு ஒன்று இருந்தது. குரல் நீக்கப்பட்ட சேவல் விடியலில் இன்னும் எழுகிறது, கூரைமேல் ஏறுகிறது, கழுத்தை நீட்டி வாயைத் திறக்கிறது, ஒன்றும் வரவில்லை என்றதும் யாரோ தன் குரலை எடுத்துவிட்டதுபோல் இருபுறமும் திரும்பிப் பார்க்கிறது, அதைக் காண என்னால் இயலவில்லை, மன்னர் துயில்வதற்கு வேறு வழி உண்டா என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். மறுநாள் விடியலில் என் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். அவள் எழுதியபடியே இருந்தது. மன்னரின் பள்ளியறைச் சாளரத்துக்குத் தடித்த திரை ஒன்று போட்டிருந்தால் போதும் என்பதும் அப்போதுதான் என் மூளைக்கு எட்டியது.

ஆகவே அவளை ஒப்படைப்பதற்கில்லை. தோட்டத்துக்குத் தீ வைப்பதற்கும் இல்லை. கருநூல் செய்த பிழை அன்று இது; படிக்காமல் இட்ட முத்திரை செய்த பிழை. எவரையேனும் கைகட்டி அனுப்பவேண்டுமெனில் கட்டப்படவேண்டிய கை இவ்வோலையை எழுதும் கைதான், அதனை அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

மன்னரும் இதனை ஒப்பி, புதிய ஆணை பிறப்பித்துள்ளார். இனி எந்த உயிரின் இயல்பை மாற்றினும் அதன் ஓலைக்கட்டு சந்தையில் முடிச்சவிழ்த்து உரக்கப் படிக்கப்படும். அவ்வுயிரோடு வாழ்பவர் சிலர் மன்றத்தில் அமர்வர். வாயிற்காவலன் ஆலன் அமர்ந்துவிட்டான். வந்த நாளே, அந்த உயிர் நமக்குத் தெரியாமல் வேறு என்ன வேலை பார்த்து வந்தது என்று முதலில் கேட்கவேண்டும் என்றான். ஒன்பதின்மரும் அதனை ஏட்டில் எழுதிக்கொண்டனர். தலைமையைப் பூதி நங்கைக்கு அளித்தோம்; ஆக்குபவளே ஆராய்பவளாகவும் இருப்பது அழகன்று என்று மறுத்துவிட்டாள்.

சேவலுக்குக் குரலை மீட்டுத் தர அவளால் இயலும். அதற்குக் கூவும் சேவலின் வழிவந்த கரு வேண்டும். எங்களிடம் இருந்தவை போன வழியைச் சொன்னேன். குழம்பிலிருந்து மரபை மீட்க இயலாது என்று அவள் சற்றுக் கடுமையாகவே சொன்னாள். ஆதலால் தங்கள் திருமகனார் மீண்டும் எழுந்தருளும்போது சீர்வரிசையில் பொன்னும் பட்டும் வேண்டா, வேய்மலைச் சேவல் இருபது வேண்டும் என்பது எம் மன்னரின் வேண்டுகோள். சேவல் வந்தால் போதும், மாப்பிள்ளை அதன் பின்னால் வரட்டும் என்பது இளவரசியின் சொல். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அன்று அணிந்த மாலையை இன்னும் எறியவிடவில்லை என்று தோழியர் கூறுகின்றனர்.

இறுதியாக ஒன்று. தங்கள் சேவல்கள் வந்து சேரும்வரை வாயில் திறக்க வழி வேண்டுமே என்று மன்னர் வினவி, முத்திரை இட்டவனே நாள்தோறும் விடியலில் மதில்மேல் ஏறி மும்முறை கூவக் கடவன் என்று ஆணையிட்டார். நான்கு நாளாகக் கூவி வருகிறேன். படி எண்பத்திரண்டு. ஆகவே திருமகனார் மீண்டும் எம் வாயிலில் வந்து நிற்கும் விடியலில், மேலிருந்து உடைந்த கிழக்குரல் ஒன்று கூவக் கேட்டால் குதிரையைத் திருப்பவேண்டா என்று அவரிடம் சொல்லியருளவேண்டும். அது எள்ளல் அன்று. செங்கழனி நாடு அவரிடம் மன்னிப்புக் கேட்கும் குரல் அது. மும்முறை கேட்கும், கேட்டதும் வாயில் திறக்கும்.

இது மன்னர் ஆணைப்படி எழுதியது. இவ்வோலை சந்தையில் உரக்கப் படிக்கப்பட்டது. ஆலன் இரண்டிடத்தில் திருத்தம் சொன்னான், திருத்தினேன். முதல் எழுத்து முதல் கடைசி எழுத்துவரை நானே படித்த பின்னர் இட்ட முத்திரை இது.

மணற்குடி கிழான் நாகன் தேவன்,
ஓலைநாயகன், முத்திரைக் காவலன், மதிலூரின் இப்போதைய சேவல்.