பேச்சில்லாத இரண்டு நிமிஷம்

நேற்று மத்தியானம் மருமகள் நகப்பூச்சைத் துடைக்க ஒரு சின்னக் குப்பியைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் இந்தக் கோபர்கைரனே வீட்டில் இல்லை. பம்பாய் மாதுங்காவில், அந்தத் தியேட்டரின் மாடி அறையில், உமக்கு எதிரே நின்றேன். ஃபிலிம் ஒட்ட நீர் வைத்திருந்த பசைக்கும் இதே வாடைதான். "மூடு அதை!" என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நீர் போய் நாற்பது நாள் ஆகிறது. இரங்கல் கூட்டத்துக்கு நான் வரவில்லை. தமிழாட்களுக்கு ஞாயிறுதோறும் படம் காட்டிய புண்ணியவான் என்று பேசினார்களாம். காட்டினீர், மறுக்கவில்லை. முழுப் படம் காட்டினீரா என்று எவனாவது கேட்டானா?

அறுபதுகளில் நமக்குத் தமிழ்ப் படம் என்றால் ஞாயிறு காலை ஆட்டம்தான். ஒன்பது மணிக்குத் தொடங்கி, அடுத்த இந்திப் படத்துக்காகப் பதினொன்றரைக்கெல்லாம் அரங்கைக் காலி செய்து கொடுக்க வேண்டும். படமோ ஏறக்குறைய மூன்று மணி நேரம். மிஞ்சுகிற அரை மணி நேரப் படத்தை என்ன செய்வது என்று தமிழ்ச் சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. படப்பெட்டி வருவதும் படம் ஓடுவதும் உம் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். நீர் கத்திரிக்கோலை எடுத்தீர்.

என் அண்ணனை உமக்குத் தெரியும். தாய் தகப்பன் இல்லாத என்னைத் தாராவிக்குக் கூட்டி வந்து, தோல் பட்டறையில் சேர்த்து ஆளாக்கியவர். அன்பாக ஒரு சொல் அவர் வாயில் வந்ததில்லை. யாரிடமும் கற்காமல், காதால் கேட்டே நான் புல்புல்தாரா என்ற தந்திக் கருவியை வாசிக்கப் பழகியது அவருக்கு ஆகாது. "ஏலே, அந்தத் தகரத்தக் கீழ வையி. கைத்தொழிலப் பாரு" என்பார். ஒரு நாள் சண்டை முற்றி, நான் தனி அறை பார்த்துப் போய்விட்டேன். நான்கு மாதம் பேச்சில்லை.

அந்த நேரத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போன இடத்தில் அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தேன். அதில் ஒரு தகப்பன். அவன் வரும்போதெல்லாம் கனத்த தந்திகளில் ஒரு மெட்டு முழங்கும், கூடவே மேளம் அதிரும். மகனை அவன் திட்டாத காட்சி இல்லை. மகன் வீட்டை விட்டுப் போகிறான். அன்று சாயங்காலம் தகப்பன் மகனுடைய அறைக்குள் வந்து, கொடியில் கிடக்கும் சட்டையை எடுத்து மடிக்கிறான். இரண்டு நிமிஷம், ஒரு வார்த்தை கிடையாது. அதே மெட்டு, ஆனால் ஒற்றைப் புல்லாங்குழலில், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக. அப்போதுதான் நமக்கு உறைக்கும், இதுவரை முழங்கியது வெறும் கோபம் இல்லை, பிள்ளை கெட்டுப்போவானோ என்ற பயம் என்று. நடிகர் முகத்தில் எதையும் காட்டவில்லை. வசனம் எழுதியவர் எதையும் எழுதவில்லை. அந்த மனிதன் யாரென்று சொன்னது குழல் மட்டும்தான். கடைசியில் அவன் சாகும்போது அந்த மெட்டு மறுபடி வரும், அரங்கமே விசும்பும்.

எனக்கு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. இந்தப் படம் கேட்டுவிடும் என்று நினைத்தேன். அது நம் காலை ஆட்டத்துக்கு வந்தபோது அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை ஒருநாளும் விடாதவர், அன்று விட்டுவிட்டு வந்தார்.

மகன் வீட்டை விட்டுப் போனான். அடுத்த காட்சியில் ரயில் நிலையத்தில் நிற்கிறான். சட்டையும் இல்லை, குழலும் இல்லை. பின்னால் எங்காவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தகப்பன் செத்தபோது முன்வரிசை முழுவதும் விசில். "ஒழிஞ்சான்டா கெழவன்!" என்று ஒருவன் கத்தினான்.

வெளியே நடைபாதையில் அண்ணன் என்னைப் பார்த்தார். "அந்த ஆளு நாந்தான், என்ன? இதக் காட்டத்தான் பூசைய விட்டுட்டு வரச் சொன்னியாலே?" பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டார்.

நான் மாடிக்கு ஓடி வந்தேன். வெட்டிய துண்டுகளைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தீர்.

"பேச்சில்லாத எடமாப் பாத்துத்தான் வே வெட்டுனேன். வசனத்துல கை வச்சா சனம் கத்தும். வாசிப்புல வச்சா ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுதே."

"ஒமக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? இந்திப் படத்துக்காரன் கேட்டுல நிக்கான்."

"ஒரு டூயட்ட வெட்ட வேண்டியதுதானே?"

"டூயட்ட வெட்டுனா என்னைய வெட்டிருவானுவ!"

நான் ஒரு துண்டை விளக்குக்கு நேரே பிடித்து, அதன் ஓரத்தில் ஓடிய வளைகோட்டைக் காட்டினேன். "இது என்ன?" "சத்தம்" என்றீர். "ஒண்ணுமில்லாத எடத்துல இது எதுக்கு ஓடுது?" நீர் துண்டை என் கையிலிருந்து வாங்கிப் பசை தடவினீர். ஒரே ஒரு உதவி கேட்டேன்: அண்ணனிடம் வந்து, வெட்டியது நீர்தான் என்று சொல்லும்.

வந்தீர். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, சமாதானம் பேச வந்தீர். சங்கத்துக்குத் தெரிந்தால் பொறுப்பு போய்விடும் என்ற பயம் உமக்கு.

"சின்னப் பய, மனசுல வச்சிக்கிடாதிய அண்ணாச்சி."

"படத்துல ஏதோ கொறையின்னு சொல்லுதானே?"

"கதையில ஒண்ணும் கொறையல. முழுசாத்தான் ஓடுச்சி."

"முழுசா?"

"முழுசா."

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த வருஷமே குடும்பத்தோடு டோம்பிவிலிக்குப் போய்விட்டார். அதன் பிறகு கல்யாண வீடுகளில், "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அவ்வளவுதான். பொய் சொன்னோம் என்றுகூட நீர் நினைக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாசிப்பு போனால் கதை போகாது என்று மெய்யாகவே நம்பினீர்.

பல வருஷம் கழித்து அண்ணன் சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்வையாளர் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, அன்னைக்குப் படத்துல வராத எடம் ஒண்ணு இருக்கு, கேளு" என்று, தகப்பன் சட்டை மடிப்பதைச் சொல்லி, அந்த மெட்டை முனகினேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"வார்த்த ஒண்ணும் கெடையாதாலே?"

"இல்லண்ணே."

"இன்னொரு மட்டம் பாடு."

பாடினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அந்த வாரமே போய்விட்டார்.

இறந்தவர் மீது என்ன கோபம், இறக்கி வையுங்கள் என்கிறான் என் மகன். முடியாது. அந்த மெட்டும் இந்தக் கோபமும் என்னிடம்தான் இருக்கின்றன. மெட்டை விட்டால் அண்ணன் போய்விடுவார். கோபத்தை விட்டால், நீர் வெட்டியது ஒன்றுமில்லாத இடம்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.