உங்கள் பெயரில் இன்னொருவர்

என்னங்க,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவருக்கும் உங்கள் பெயர்தான்.

நேற்று வார்டில் ஆபரேஷன் முடிந்து வந்தவரின் சீட்டிலும் அதே பெயர். படித்ததும் கட்டிலருகே ஓடினேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அவர் யாரோ ஒரு தையல்காரர். மயக்கம் தெளியவில்லை. "பேர் சொல்லிக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

சண்டை போட்ட நாளிலிருந்து நான் வாயில் எடுக்காத பெயர். ஜன்னல் திரை மெல்ல அசைந்தது. வெயில் தண்ணீர் போலத் தரையில் பரவியிருந்தது. கூப்பிட்டேன். மூன்றாவது முறை, கண்ணைத் திறக்காமலே, "இதோ வந்துட்டேம்மா" என்றார். ஏதோ ஒரு தூரத்திலிருந்து நீங்களே திரும்பி வருவதுபோல் இருந்தது. அவர் விழித்த பிறகும் இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தேன்.

உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகவென்று நீங்கள் கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து, சட்டைகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன். கோபம் தீரவில்லையென்றால் மறுபடி கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சாயங்காலம் நான் வந்து உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு.

பி.கு.: உங்கள் வண்டிச் சாவியைத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். இல்லை, தெரிந்தேதான்.