அம்மாவின் நான்கு சிவப்புகள்

பாப்பா,

போன வாரம் பெங்களூரிலிருந்து உன் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் ஓர் அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தார்கள். உன் மேசையில் இருந்தவை. மேலே மூக்குக்கண்ணாடி, அதன் கீழே நோட்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்ததைத் திறந்தேன். பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் "அண்ணன், முதல் நாள்" என்று எழுதி, நான் சொன்ன பதில்களை வரிசையாகக் குறித்திருந்தாய். எந்தப் பதிலுக்குப் பக்கத்திலும் 'சரி', 'தவறு' என்ற குறி இல்லை.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் சொல்ல விட்டுப்போனதை இப்போதுதான் எழுதுகிறேன்.

ரயில்வே வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, கண் பரிசோதனையில் புள்ளிகளுக்குள் இருந்த எண்ணைச் சொல்லத் தெரியாமல் நான் திரும்பி வந்தது உனக்கு நினைவிருக்கும். "சிவப்பும் பச்சையும் உனக்குக் குழம்புதுப்பா, இது அம்மா வழியா வர்றது" என்று டாக்டர் சொன்னதை வீட்டில் அப்படியே சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. செவிலிமேட்டிலிருந்து சாயப் பட்டறைக்கு நடந்து போய், பட்டு நூலை நிறம் பிரித்தே நம்மைப் படிக்கவைத்த அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என் கண்ணு நல்லாதான இருக்குது, என்கிட்டேருந்து எப்படிடா வந்துது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் நீ பட்டறையிலிருந்து கழித்துப்போட்ட நூல்களை வாங்கிவந்து தரையில் பரப்பினாய். ஒரே மாதிரி தெரிவதையெல்லாம் சேர்த்து வைக்கச் சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது.

"எதுக்கு, சிரிக்கறதுக்கா?"

"சிரிக்கலண்ணா. உனக்கு என்னா தெரியுதுன்னு எழுதிக்கிறேன்."

அதுவரை எனக்கு என்ன தெரியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என்ன தெரிகிறது என்று கேட்ட முதல் ஆள் நீ.

பிறகு அம்மாவை உட்காரவைத்தாய். நம் இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்த சிவப்பை அவள் நான்காகப் பிரித்தாள். எத்தனை முறை கலைத்துப் போட்டாலும் அதே நான்கு. நீ நான்கையும் நோட்டில் குறித்துக்கொண்டாய். அன்றைக்குத்தான் உன் பாதை முடிவானது என்று நினைக்கிறேன்.

நம் தாத்தா ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அவர் பேத்தி பெங்களூரில் மனிதக் கண்ணைப் பற்றி ஆராய்கிறாள் என்று, அதற்குள் கணக்கு வாத்தியாராகியிருந்த நான், பள்ளிக்கூடத்தில் சொல்லாத ஆள் இல்லை. ஒருநாள் போனில் உன் குரல் படபடத்தது. என்னைப் போன்ற பிள்ளையைப் பெற்ற தாய்மார் சிலருக்கு, நிறம் அறியும் செல்கள் கண்ணில் மூன்று வகைக்குப் பதில் நான்கு வகை இருக்கலாமாம். "அம்மாவுக்கு மட்டும் அது இருந்துட்டா, இனிமே அதைக் குறைன்னு அவங்க நினைக்கவே வேணாம்ணா" என்றாய்.

அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தேன். உன் ஆய்வுக்கூடத்து இருட்டறையில், ஒரு பெட்டிக்குள் தெரிந்த ஒளியின் நிறங்களை மூன்று நாள் பொருத்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் நீ வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"இல்லண்ணா. எல்லாரையும் போலத்தான் பாக்குறாங்க."

"இருக்குதுன்னே சொல்லிடேன். அவங்களுக்கு என்னா தெரியப்போவுது?"

"அம்மாகிட்ட பொய் சொல்றதுக்கா இவ்ளோ படிச்சேன்?"

உள்ளே போய் உள்ளதைச் சொன்னாய். அம்மா சிரித்தாள். "நிறத்த மட்டும் வெச்சு யாரு பிரிப்பா? நூலைச் சாய்ச்சு மினுக்கைப் பாத்துதான் பிரிப்பேன். உன் பெட்டியில மினுக்கே இல்லியேம்மா."

நீ உடனே நோட்டை எடுத்தாய். எதிர்பார்த்தது கிடைக்காத மூன்று நாளையும் ஒளிக்காமல் கட்டுரையாக எழுதினாய். பளபளப்பையும் நிறத்தையும் கண் எப்படிச் சேர்த்துப் பார்க்கிறது என்பதே அதன் பிறகு உன் வேலையாயிற்று. அதற்காக எத்தனை நாடுகள் உன்னைக் கூப்பிட்டன. அந்த முதல் கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டு, "சாயப் பட்டறைத் தொழிலாளி" என்று பக்கத்தில் எழுதினாய். அந்தத் தாளை அம்மா பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். "அவன் கண்ணுக்கு நான்தான் காரணம்னா, அவ படிப்புக்கும் நான்தான் காரணம்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூடத் தலைநிமிர்ந்து சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போனோம். கடைக்காரர் ஒன்றை விரித்து, "அரக்கு சார்" என்றார். நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் என் வழக்கம். அன்றைக்கு நகரவில்லை.

"எனக்கு இது மழையில நனைஞ்ச மண்ணு மாதிரி தெரியுதும்மா. ரொம்ப அழகா இருக்குது" என்றேன் மகளிடம், சம்பந்தி வீட்டார் எல்லோர் முன்னாலும்.

அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இதையே எடுத்துக்கலாம்பா" என்றாள்.