உன் காருக்கு நான் கொடுத்த மாத்திரை

அன்பு மகள் குட்டிக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம், என் முழங்கால் வலியும் எங்களை விட்டுப் பிரியாமல் நலமாகவே இருக்கிறது. அங்கே உன் உடம்பு எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பார்வை அவ்வளவு தெளிவாகிவிட்டது, நான் சவரத்தில் விட்ட முடியையெல்லாம் எதிரில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். சமையலறைக் குழாய் சொட்டுவது ஒருவழியாக நின்றது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. மூன்று தடவை சொல்ல வாயெடுத்து, மூன்று தடவையும் அங்கே குளிர் எப்படி என்று கேட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கார் விஷயம். முதல் வேலையில் சேர்ந்து நீ வாங்கிய வண்டி, இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. ஊரை விட்டுப் போகிற அன்று சாவியை என் கையில் கொடுத்து, பானெட்டின் உள்பக்கம் 'கெட்டி ஆயில் மட்டும், திருப்புளி அண்ணனைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்' என்று சீட்டும் ஒட்டிவிட்டுப் போனாய். திருப்புளியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து வண்டியின் வயிற்றைக் கேட்கிறார் என்று நம் மெக்கானிக்குக்கு நீ வைத்த பெயர்தான் இப்போது தெரு முழுக்க, நிஜப் பெயர் எனக்கே மறந்துவிட்டது. நான்கு மாதம் முன்பு இதய டாக்டர் எனக்கு ரத்தம் இளகுவதற்கு மாத்திரை எழுதினார் அல்லவா, வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்தது, உதிரிபாகக் கடைக்குப் போனேன். முப்பத்தாறு வருஷம் மருந்துக்கடையில் நின்றவனுக்கு லேபிளைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியுமா? அத்தனை டப்பாவையும் படித்தேன். வயசான நெஞ்சுக்கு ரத்தம் இளகலாக ஓடுவது நல்லது என்றால் வயசான இன்ஜினுக்கும் எண்ணெய் இளகலாக ஓடுவதுதானே நல்லது என்று நானே வியாதி கண்டுபிடித்து நானே மருந்தும் எழுதி, கடையில் இருந்ததிலேயே மெல்லிய ஆயிலை, விலை கூடியதை, பெருமையோடு வாங்கி வந்தேன்.

திருப்புளி டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "இது புது இன்ஜினுக்கு சார். நம்ம வண்டி உள்ள தேஞ்சு போய் இடைவெளி விழுந்திருக்கு, ரப்பர் சீலெல்லாம் காஞ்சிருக்கு, இவ்வளவு மெல்லிசா ஊத்தினா நிக்காது. நிறைய ஓடின வண்டிக்குன்னே கெட்டியா ஒண்ணு வருது, அதைத்தான் நான் எப்பவும் ஊத்தறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. லேபிளைப் பற்றி எனக்கே பாடமா என்று டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, பெட்ரோல் பங்க்கை ஒட்டிய வாட்டர் சர்வீஸுக்குப் போனேன். அங்கே கேள்வி கேட்க மாட்டார்கள், கொடுத்ததை ஊற்றுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிறவர்களைக் கவுன்ட்டரில் நிற்க வைத்துத் திட்டியவன் நான், கடைசியில் என் மாத்திரையை உன் காருக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்றே வாரம். வண்டி நிற்கிற இடத்தில் கறுப்பு வட்டம், அம்மா பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கீழே போட்டாள். பின்னால் நீலப் புகை, சிக்னலில் நின்றால் தையல் மிஷின் மாதிரி டிக் டிக், ஒருநாள் டேஷ்போர்டில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கும் எரிந்தது. அந்தச் சமயம் பார்த்து நீ போன் செய்தாய். ஆயில் மாற்றியதிலிருந்து ஒழுகுகிறது என்று மட்டும் சொன்னேன். திருப்புளி அண்ணனா இப்படிப் பண்ணினார் என்று கேட்டாய். நான் 'ம்' என்றேன். அந்த ஒரு 'ம்' தான் குட்டி. வெறும் 'ம்' எப்படிப் பொய்யாகும் என்று பல நாள் எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன், ஜெயிக்க முடியவில்லை.

மறுநாள் வேறு போக்கிடம் இல்லாமல் வண்டியை அவரிடமே கொண்டுபோனேன். ஆயிலை இறக்கி விரலில் தொட்டுப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, நேராக ஸ்பானரை எடுத்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நீ அவருக்குப் போன் செய்தாய். கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். உங்களை நம்பித்தானே அப்பா கையில் விட்டுவிட்டு வந்தேன், கண்டதை ஊற்றிக் கெடுத்துவிட்டீர்களே என்று நீ கத்தியது முழுவதும் என் காதில் விழுந்தது. அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "தப்புதாம்மா, சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்றார். பிறகு என்னிடம், "டார்ச்சைக் கொஞ்சம் ஆடாமப் பிடிங்க சார்" என்றார். நான் இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை இத்தனை வயதுக்குப் பிறகு பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உன்னிடம் உண்மையை ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாள் கழித்து அவரைக் கேட்டேன். "மெக்கானிக் வேற ஆள் கிடைப்பான் சார், அந்தப் பொண்ணுக்கு அப்பா நீங்க ஒருத்தர்தானே" என்றார். நீ சொன்னதைக் கேட்டு உன் பழைய ஆபீஸ் தோழிகள் இரண்டு பேர் வண்டியை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதைக்கூட அவர் சொல்லவில்லை, அவர் ஷெட்டில் அந்த வண்டிகள் நிற்கிற இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். போன ஞாயிறு நீயும் போனில், ஊருக்கு வந்ததும் நம் வண்டியை வேறு ஆளிடம் மாற்றிவிடலாம் அப்பா என்றாய். அதற்கும் 'ம்' வந்துவிடப் பார்த்தது. அம்மா எதிரில் உட்கார்ந்து முறைத்தாள், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என் நெஞ்சு குறுகுறுப்பது அவள் புதுக் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அன்றே அவளிடம் எல்லாம் சொன்னேன். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, சாப்பாடு மட்டும் போடுகிறாள்.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. சீல் மாற்றி, பழையபடி கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டார். அட்டையை எடுத்துவிட்டோம், தரை காய்ந்திருக்கிறது. உன் சீட்டுக்குக் கீழே நானும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன், 'அப்பா பேச்சைக் கேட்க வேண்டாம்' என்று.

நீ நல்லா இரு, எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், உன் சொல்லும் மனசும் எப்போதும் நேராக இருக்கட்டும், என்னைப் போல வளைய வேண்டாம். முதலில் அந்த இரண்டு தோழிகளுக்கும் உண்மையைச் சொல். பிறகு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருப்புளிக்குப் போன் செய், மறந்துவிடாதே. அந்த நேரம் அவர் கை எண்ணெயாகத்தான் இருக்கும், ஸ்பீக்கரில்தான் போடுவார். நான் டார்ச்சோடு பக்கத்தில் நிற்பேன். என்னைத் திட்டுவதை மட்டும் கொஞ்சம் சத்தமாகத் திட்டு, அவருக்கு நன்றாகக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா