எங்கள் வீட்டு முதற்பலன்

ஜூன் 1, ஞாயிறு

காலையிலேயே வெயில். கோயிலில் ஃபேன் பாதி ஓடவில்லை. சபையின் புது ஹைஸ்கூல் பன்னிரண்டாம் தேதி திறப்பு என்று பாஸ்டர் அறிவித்தார். எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் முதலில். "யார் யார் பிள்ளைகளைச் சேர்க்கப் போறீங்க, கை தூக்குங்க." ஒரு கை எழும்பவில்லை. எல்லோரும் திடீரென்று பைபிள் புரட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் எழும்பினார். கமிட்டி செக்ரட்டரி அல்லவா. "என் மக ஷெரினை முதற்பலனாப் படைக்கேன்."

முதல் சம்பளத்தைப் படைப்பார்கள். வீட்டு முருங்கையில் முதலில் காய்த்ததைப் படைப்பார்கள். பிள்ளையைப் படைத்த முதல் ஆள் இந்த மனிதர்தான். ஒரே அல்லேலூயா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாட்டுப் புத்தகத்தை எறியத்தான் கை வந்தது.

வீட்டில்:
"பிள்ளை என்ன முருங்கக்காயா?"
"செக்ரட்டரி பிள்ளையே சேரலன்னா வேற எவன் சேருவான்?"
"அதுக்கு எம்பிள்ளதான் கிடைச்சாளா?"
"எனக்கும் பிள்ளதான்."

மத்தியானம் மீன் குழம்பு. உப்பு அதிகம். 

ஜூன் 3, செவ்வாய்

தோசை மாவு. கேஸ் புக்கிங். பிளவுஸ் தைக்கக் கொடுக்க. ஸ்கூலைப் போய்ப் பார்க்க.

பார்த்தேன். லோத்குண்டாவில் கோயிலுக்குப் பின்னால், மிலிட்டரி காம்பவுண்டை ஒட்டி. போர்டு மட்டும் பிரமாதம். கிரானைட்டில் கமிட்டிக்காரர்கள் பெயர், இவர் மூன்றாவது. ஓ, அதுதானா சங்கதி.

பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு இல்லை. லேப் என்று ஒரு அறை, தொட்டி இருக்கிறது, குழாய் இல்லை. பெஞ்சுக்குப் பதில் கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி. ராத்திரி இவரிடம் கேட்டேன்.

"சயின்ஸ் டீச்சர் யாரு?"
"வருவாங்க."
"லேப் சாமான்?"
"வரும். கைக்கு டென்ஷன்? கர்த்தர் பாத்துக்குவார்."

சிகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எரிச்சல் வந்தால் ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று இந்த ஊர் உருதுவில் இறங்கிவிடுவார். கர்த்தர் கதவும் மாட்டுவாரா என்று கேட்டேன். 

ஜூன் 5, வியாழன்

மழை. துணி எல்லாம் நனைந்தது. கான்வென்ட் பிரின்சிபலிடமிருந்து போன். "உங்க ஹஸ்பண்ட் டிசி வாங்கிட்டுப் போயிட்டார், தெரியுமா?" தெரியாது. தெரியும் மாதிரி பேசினேன். அப்படிப் பேச வேண்டியிருந்ததே, அதுதான் பொறுக்கவில்லை.

எல்கேஜியிலிருந்து படித்த பள்ளிக்கூடம். ஷெரின் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறதாம். பன்னிரண்டாம் தேதி சாயங்காலத்துக்குள் டிசியைத் திருப்பிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்களாம். அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்.

டிசி எங்கே என்று இவரைப் பிடித்தேன். பாஸ்டரிடம் கொடுத்தாயிற்றாம். திறப்பு விழாவில் மேடையில் வைத்து ஜெபித்து வாங்குவார்களாம். நல்ல நாடகம். இரண்டு நாளாக நான் போட்ட டீயைக் குடிக்காமல் கடையில் குடிக்கிறார். குடிக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வெளியே நின்று ஒவ்வொருவரையும் விசாரித்தேன். பாஸ்டர் மகன் ஒன்பதாவது. தார்நாகா ஸ்கூலை விட்டு மாற்றவில்லை. பொருளாளருக்கு மாதாப்பூரில் ஐடி வேலை, அவர் மகளுக்கு ஏசி பஸ் ஸ்கூல். மாற்றவில்லை. அல்லேலூயா போட்ட வாய் அத்தனையும் இப்படித்தான்.

பாஸ்டரம்மா: "அவனுக்கு ஐஐடி கோச்சிங் இருக்கே, சிஸ்டர். உங்க வீட்டுக்காரர் விசுவாசம் பெருசு. நாங்க எல்லாம் அந்த அளவுக்கு இல்ல."

"பண்டிகையில படைச்ச சேவலைப் படைச்சவுகளே ஏலத்துல திருப்பி எடுக்காவல்ல? அப்படிப் பிள்ளையவும் எடுக்கலாமா, பாஸ்டரம்மா?"

சிரித்து மழுப்பினாள். நான் சிரிக்கவில்லை.

ஷெரினுக்குப் புது யூனிஃபார்ம் வந்துவிட்டது. கத்திரிப்பூக் கலர். போட்டுப் பார்த்தாள், கழற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அப்பாவுக்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

பந்தல், ரிப்பன், குழல்விளக்கு. சீஃப் கெஸ்ட் வர லேட். பிள்ளைகள் மொத்தமே ஒரு ஆட்டோ கொள்ளும். இவர் கோட்டு போட்டு மேடையில். ஷெரினைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். பாஸ்டர் கையில் டிசி கவர். கண்ணை மூடி நீளமாக ஜெபம்.

ஆமென் வரட்டும் என்று நின்றேன். ஜெபத்தின் நடுவில் பிடுங்க எனக்கும் பயம்தான். ஆமென் சொன்னதும் மேடை ஏறிக் கவரை வாங்கினேன். பாஸ்டர் கொடுத்துவிட்டார், போட்டோவுக்காக்கும் என்று நினைத்திருப்பார்.

"மன்னிச்சிருங்க, பாஸ்டர். தாயும் தகப்பனும் சேந்துல்லா படைக்கணும். நான் படைக்கல."

மைக் ஆன்.

இவர், "ஏய், நக்கோ, நக்கோ" என்று எழும்பினார். ஷெரின் கையைப் பிடித்து இறங்கினேன். எத்தனை போன் எங்களைப் படம் எடுத்ததோ. கத்திரிப்பூ யூனிஃபார்மோடேயே ஆட்டோவில் கான்வென்டுக்கு. பிரின்சிபல் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். சேர்த்துக்கொண்டார்.

 சந்தோஷம். எழுதியே வைக்கிறேன், ரொம்பச் சந்தோஷம்.

ஜூன் 13, வெள்ளி

இவருக்கு ஹாலில்தான் படுக்கை. முகம் கொடுக்கவில்லை. சபை வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து வசனமாகப் பொழிகிறார்கள். மனைவிகளே கீழ்ப்படியுங்கள் மட்டும் மூன்று பேர் போட்டார்கள். மூன்று பேர் பெயரும் ஞாபகம் இருக்கும்.

ஷெரின் நாலரைக்கு வந்தாள். மிளகாய் பஜ்ஜி போட்டு வைத்திருந்தேன். தொடவில்லை.

"என்னட்டி, பழைய ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சந்தோஷப்பட்டாளுவளா?"

"எல்லார் கிட்டயும் அந்த வீடியோ இருக்கு மம்மி. ஃபுல் கிளாஸ்."

"இருக்கட்டும். அந்த மனுசன் ஒன்னை ஒரு வார்த்தை கேக்காம எல்லார் முன்னாலயும் தூக்கிக் குடுத்தாருல்ல?"

"ஹவ், ஆமா. நீ எல்லார் முன்னாலயும் தூக்கிட்டு வந்த." பிறகு தெலுங்கில். "நன்னு எவரு அடிகாரு?" என்னை யார் கேட்டது என்கிறாள்.

ஓங்கி ஒன்று வைக்கலாம் போல வந்தது. வைக்கவில்லை. இரண்டு வாரமாக நான் கேள்வி கேட்காத ஆள் இல்லை. அவளை மட்டும் கேட்கவில்லை.

"சரி, இப்பம் கேக்கேன். ஒனக்கு எந்த ஸ்கூலுட்டி வேணும்?"

"இப்பவா? நக்கோ."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்ட சத்தம் ஹாலில் கிடந்த இவருக்கும் கேட்டிருக்கும்.