கொற்றியார் எழுதாமல் விட்ட வரி

அலை ஓயாத் துறைகள் அனைத்தும் வாழ்க. மரக்கலக் கொடி உயர்த்திய திரைவேலி நாட்டு வேந்தன் கோ நெடுங்கடலரையன், எம் ஆழிமுகத் துறையின் தலைவர் நன்னாகனார்க்கு விடுக்கும் ஓலை. உம் கலங்கள் பழுதின்றிக் கரை சேர்க. உம் மனை விளக்கு நின்று எரிக. உம் ஊரார்க்கு உப்பும் மீனும் குறையாதிருக்க.

அரசின் நெல் உண்டு கற்போர் ஒவ்வொருவரும், தைத் திங்களில் அனுப்பும் ஓலையின் கடைசி வரியில் தம் கல்வியால் நாட்டுக்கு விளையும் பயனை எழுத வேண்டும் என்பது எம் பாட்டனார் வைத்த வழக்கம். உம் துறையில் வாழும் கொற்றியார், கடல் நத்தைகளின் ஓடுகள் ஏன் இடப்பக்கமே சுழல்கின்றன, ஆயிரத்தில் ஒன்று மட்டும் ஏன் வலப்பக்கம் திரும்புகிறது என்று பதினோராண்டாகப் பார்த்து வருபவர். அவர் ஆண்டுதோறும் அவ்வரியை வெறுமையாகவே விடுவார். உமக்கு முன்னிருந்த தலைவரும் கண்டும் காணாததுபோல் அனுப்பிவிடுவார். நீரோ அவருக்கு நெல் நின்றுவிடுமே என்று இரங்கி, அவர் அறியாமல், வலம்புரிச் சங்கு கிடக்கும் இடம் இக்கல்வியால் தெரியவரும் என்று எழுதினீர். எழுதியதோடு நில்லாமல் ஓர் இடத்தையும் குறித்தீர். அவ்வரியின் கையெழுத்து உமதென்று யாம் பின்னரே கண்டோம்.

வலம்புரி என்ற சொல்லைக் கண்டதும் எம் புத்தியும் மழுங்கியது. ஆடிக் கடலின் சீற்றத்தைப் பொருட்படுத்தாமல் அங்கே மூழ்க ஆணையிட்டோம். சங்கு குளிக்கும் சேந்தன் உயிரோடு மீளவில்லை.

கொற்றியாரின் ஓலைகளைக் கடலில் எறிந்து அவரை நாடு கடத்த வேண்டும் என்றும், ஒன்றுக்கும் உதவாத கல்வி ஓர் உயிரைக் குடித்துவிட்டது என்றும் எம் அவையோர் ஒரே குரலில் உரைத்தனர். உயிரைக் குடித்தது அக்கல்வி அன்று. இல்லாத பயனை எழுதிய உம் எழுத்தாணியும், அதை நம்பிய எம் ஆசையுமே குடித்தன. உம் இரக்கத்தை யாம் அறிவோம். அறிந்ததால் கோபம் குறையவில்லை.

சேந்தனின் மனைவி மாதி அவைக்கு வந்தார். பழி கேட்க வந்தார் என்றே எண்ணினோம். தம் கணவர் கரையேறும் போதெல்லாம் கொற்றியாருக்கென நாலைந்து சிறு ஓடுகளை இடுப்புப் பையில் கொண்டு வருவார் என்றும், எத்தனை வலம் திரும்பின என்று கேட்டறியாமல் சோற்றில் கை வைக்க மாட்டார் என்றும், அதனால் அவருக்குக் கிடைத்தது என்னவென்று தமக்குத் தெரியாது என்றும், ஆனால் கேட்டு வந்த நாளில் அவர் முகம் பார்க்க நன்றாயிருக்கும் என்றும் அவர் கூறினார். யாம் வெட்கத்தால் தலை கவிழ்ந்தோம்.

இக்கல்விக்கு என்றேனும் பயன் கிட்டும் என்று சொல்லி அவையோரைத் தேற்ற எமக்கு மனமில்லை. கிட்டாமலே போகலாம், போகட்டும். அறிய வேண்டும் என்ற ஆவல் ஒன்றே இனி எமக்குப் போதும்.

ஆகவே ஆணையிடுகிறோம். பயன் எழுதும் வழக்கம் இன்றோடு ஒழிந்தது. இவ்வாண்டு கண்டது யாது என்று மட்டுமே இனிக் கேட்கப்படும். கொற்றியாரின் ஓலை ஒன்றையும் எவரும் தொடலாகாது. மாதியின் மனைக்கு அவர் வாழ்நாள் முழுதும் அரண்மனை நெல் செல்லும். நீர் அவர் வாயிலுக்கு நடந்து சென்று, எழுதியது நீரே என்றும், நம்பி ஏவியது யாமே என்றும் ஊரறியச் சொல்வீர். இதற்கு மாற்றில்லை.

சேந்தனின் உடலோடு கரை சேர்ந்த பையில் மூன்று ஓடுகள் இருந்தன. உரியவரிடம் சேர்க்குமாறு மாதி அவற்றை எம் கையில் தந்தார், இவ்வோலையோடு வருகின்றன. கலக்கொடி முத்திரையை இடும் முன் யாமும் அவற்றைத் திருப்பிப் பார்த்தோம். இரண்டு இடம் சுழல்கின்றன, ஒன்று வலம். ஏனென்று தெரியவரும் நாளில், முதலில் மாதிக்கும் அடுத்து எமக்கும் சொல்லியனுப்புமாறு கொற்றியாரிடம் உரைப்பீராக.